வீட்டில் கட்டும் விமானத்துக்குக் கார் என்ஜின்: செலவுக் கணக்கு போடுவது எப்படி?

வீட்டில் கட்டும் விமானத்தில் கார் என்ஜினைப் போட்டால் பாதிச் செலவில் பறந்துவிடலாம் என்று நம்பி இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். என்ஜின் விலையை என்ஜின் விலையோடு வைத்துப் பார்க்கிறார்கள். விமானி உட்காரும் இடத்தையும் என்ஜினையும் பிரிக்கும் தகட்டுக்கு ஃபயர்வால் என்று பெயர். அந்தத் தகட்டுக்கு முன்னால் இருக்கும் அத்தனைக்கும் சேர்த்து என்ன ஆகும் என்று கேட்டால்தான் கணக்கு தொடங்கும். மண்டப வாடகையைக் கேட்டுவிட்டுக் கல்யாணச் செலவு தெரிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே.

நான் மிச்சிகனில் கார் என்ஜின்களைச் சோதனை மேடையில் ஏற்றி ஓட்டிப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். வேலை முடிந்த பிறகு கட்டியது ஜெனித் சி.எச். 650 என்ற இரண்டு இருக்கை விமானம். அதன் மூக்கில் இருப்பது 1960களின் செவ்ரோலே கொர்வேர் காரின் என்ஜின். அதில்தான் இன்றும் பறக்கிறேன். என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலித் தம்பி ஒருவர், "அண்ணா, கார் என்ஜின் போட்டால் எவ்வளவு மிச்சமாகும்?" என்று கேட்டார். அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்த கணக்குதான் இங்கே விரிந்திருக்கிறது.

முதலில் சட்டம். அமெரிக்காவில் விமானத்தின் பெரும்பகுதியைத் தன் கற்றலுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் ஒருவர் தானே கட்டினால் அதைச் சோதனை வகை விமானமாகப் பதிவு செய்யலாம். இதை 51 சதவீத விதி என்பார்கள். அந்த வகையில் சான்றிதழ் பெற்ற விமான என்ஜின்தான் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மின்னசோட்டாவின் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல் 1929இலேயே ஃபோர்டு மாடல் ஏ கார் என்ஜினைத் தன் ஏர் கேம்பர் விமானத்தில் மாட்டிப் பறந்தார். பின்னாளில் கொர்வேர் என்ஜினையும் அதே விமானத்தில் வைத்துப் பார்த்தவர் அவர். இந்த மரபின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான் தவறான கணக்கோடு யாரும் இதற்குள் வந்து பாதியில் கைவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

எதோடு ஒப்பிடுவது?

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். லைக்கோமிங், கான்டினென்டல், ரோடாக்ஸ் மூன்றும் விமான என்ஜின் செய்யும் நிறுவனங்கள். 180 குதிரைத்திறன் கொண்ட புதிய லைக்கோமிங் 360 வகை என்ஜின் இன்றைய நிலையில் 40,000 டாலரைத் தாண்டும். 100 குதிரைத்திறன் தரும் புதிய ரோடாக்ஸ் 912 யூ.எல்.எஸ். 20,000 டாலருக்கு மேல். இந்த விலைகளைப் பார்த்து மலைத்துப்போய்த்தான் பலர் பழைய கார்களின் பக்கம் திரும்புகிறார்கள். ஆனால் பயன்படுத்திய, ஆயுள் பாதி மீதமிருக்கும் லைக்கோமிங்கோ கான்டினென்டலோ இதைவிட மிகக் குறைவாகக் கிடைக்கும். உங்கள் கார் என்ஜின் திட்டத்தைப் புதிய லைக்கோமிங்கோடு அல்லாமல் இந்தப் பழைய லைக்கோமிங்கோடு ஒப்பிடுங்கள். நியாயமான எதிராளி அதுதான்.

ஒரு நோட்டில் இரண்டு பத்திகள் போடுங்கள். இடப்பக்கம் விமான என்ஜின், வலப்பக்கம் கார் என்ஜின். இரண்டுக்கும் அதே வரிகள்: என்ஜின், அதைத் தாங்கும் சட்டம், புரொபெல்லர், புகைபோக்கி, குளிர்விப்பு, மேல்மூடி, எரிபொருள் குழாய்களும் பம்புகளும், மின்சாரம், அளவுமானிகள், ஹாங்கர் என்னும் விமானக் கொட்டகையின் வாடகை, காப்பீடு, சோதனைப் பறப்பு, கடைசியாக விற்பனை விலை. எந்த வரியையும் காலியாக விடாதீர்கள். தெரியாத வரியில் ஒரு தோராயத்தை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறிகள் எந்தப் பத்தியில் அதிகம் என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

என் நோட்டிலிருந்து சில வரிகள்

கொர்வேர் என்ஜின் ஆறு சிலிண்டர், காற்றால் குளிரும் வகை. சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். 1964 முதல் வந்தவை 2.7 லிட்டர். பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டுக்குக் கிராங்க் என்று பெயர். புரொபெல்லரை நேராக அந்தக் கிராங்க்கிலேயே மாட்டலாம், நடுவில் கியர் வேண்டாம். ரேடியேட்டரும் தண்ணீரும் கிடையாது. செலவுக் கணக்கில் இவை இரண்டும் பெரிய வரம். நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு சின்னக் காரணமும் உண்டு: கொர்வேர் கார்களில் பெரும்பாலானவை என் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள வில்லோ ரன் ஆலையில்தான் ஒன்றுசேர்க்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் பி-24 குண்டுவீச்சு விமானங்கள் உருண்டு வெளிவந்ததும் அதே வில்லோ ரன்னில்தான்.

பழைய என்ஜினை ஒஹாயோவில் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து 600 டாலருக்கு வாங்கினேன். இந்த 600 என்ற எண்ணைத்தான் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அது பறக்கத் தகுந்த என்ஜினாக மாறி முடிந்தபோது ஏறக்குறைய 13,000 ஆகியிருந்தது.

எதற்கு இவ்வளவு? கிராங்க்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காரில் கொர்வேர் கிராங்க்குக்கு வேலை முறுக்குவது மட்டும்தான். விமானத்தில் அதன் முனையில் புரொபெல்லர் தொங்குகிறது. விமானம் மூக்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் சுழலும் புரொபெல்லர் அதை எதிர்க்கும். அந்த எதிர்ப்பு கிராங்க்கின் முனையை வளைக்கப் பார்க்கும். ஆறு சிலிண்டருக்கு நான்கே பிரதான பேரிங்குகளோடு வந்த கிராங்க் இது. பறந்துகொண்டிருந்த விமானங்களில் சில கிராங்க்குகள் உடைந்த பிறகுதான், புரொபெல்லர் பக்கத்தில் ஐந்தாவது பேரிங் ஒன்றைச் சேர்ப்பதும், கிராங்க்கின் மேற்பரப்பை நைட்ரைடிங் செய்து கெட்டிப்படுத்துவதும் வழக்கத்துக்கு வந்தன.

அதற்கு முன் கிராங்க்கைக் காந்தப்படுத்தி, ஒளிரும் இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றிப் புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் பச்சையாக ஒரு முடி விழுந்ததுபோல் கோடு தெரியும். பெரும்பாலும் ஜர்னலும் (பேரிங்குக்குள் சுழலும் உருளைப் பகுதி) பக்கச்சுவரும் சேரும் வளைவில்தான் அது ஒளிந்திருக்கும். கோடு தெரிந்தால் அந்தக் கிராங்க் குப்பைக்குத்தான். கொட்டகையில் 600 டாலருக்கு வாங்குகிறவர் இப்படி ஒரு கிராங்க் போய்விடுவதற்கும் சேர்த்து ஒதுக்கிவைக்க வேண்டும். பிறகு அரைத்தல், நைட்ரைடிங், ஐந்தாம் பேரிங், புதிய பிஸ்டன், சிலிண்டர், வால்வுகள், சிலிண்டர் தலைகளைப் புதுப்பித்தல், இரண்டு தனித்தனி இக்னிஷன், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர். இவை எதுவும் ஆடம்பரம் இல்லை.

என்ஜினைத் தாண்டிய வரிகள் எனக்கு இப்படி வந்தன. தாங்கு சட்டம், உள்ளிழுப்புக் குழாய், ஸ்டெயின்லெஸ் புகைபோக்கி எல்லாம் சேர்த்து 2,500. மேல்மூடியும் சிலிண்டர்களுக்குக் காற்றைத் திருப்பும் தகடுகளும் 1,200. புதுப்பித்த விமானக் கார்புரேட்டர் 1,200. புரொபெல்லரும் அதன் கூம்பும் 2,000. எரிபொருள், எண்ணெய்க் குழாய்களும் பம்புகளும் 900. அளவுமானிகள் 1,800. கூட்டினால் 9,600. ஆக மொத்தம் 22,600 டாலர். அதாவது 600 டாலர் என்ஜினுக்கு 22,600. புதிய ரோடாக்ஸையும் அதற்குரிய மற்ற பாகங்களையும் வாங்கியிருந்தால் இதைவிடக் கூடுதலாகியிருக்கும், உண்மைதான். பாதி ஆயுள் மீதமுள்ள கான்டினென்டல் ஓ-200 ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்திருந்தால் வித்தியாசம் மிகவும் சுருங்கியிருக்கும்.

எனக்குக் கிடைத்தது பண மிச்சத்தைவிடப் பெரியது. இந்த என்ஜினின் ஒவ்வொரு போல்ட்டும் எந்த முறுக்குவிசையில் இறுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதற்காக நான் கொடுத்த விலை அது. அந்தத் திருப்தி உங்களுக்கு வேண்டியதில்லை என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை.

கியர் வேண்டுமென்றால்

சுபாரு, ஹோண்டா, சுசுகி, மாஸ்டா என்று நவீன கார் என்ஜின் எதை எடுத்தாலும் ஒரு கேள்வி உடனே வந்து நிற்கும். அந்த என்ஜின்கள் தங்கள் முழுத் திறனை நிமிடத்துக்கு 5,500 சுற்று வாக்கில்தான் தரும். 72 அங்குலப் புரொபெல்லரை 2,700 சுற்றில் சுழற்றினால் அதன் நுனி நொடிக்கு 258 மீட்டர் வேகத்தில் போகும். அதையே 5,500 சுற்றில் சுழற்றினால் நொடிக்கு 520 மீட்டரைத் தாண்டும். ஒலியின் வேகமே தரைமட்டத்தில் 340தான். நுனி ஒலி வேகத்தை நெருங்கும்போதே இரைச்சல் கூடும், விமானத்தை முன்னே இழுக்கும் விசை குறையும். எனவே நடுவில் சுற்றைக் குறைக்கும் கியரோ பெல்ட்டோ வேண்டும்.

இந்தச் சுற்றுக்குறைப்பான்தான் முழுத் திட்டத்திலும் எனக்கு அதிக மரியாதையும் அதிகப் பயமும் உள்ள பாகம். பிஸ்டன் என்ஜின் சீராக முறுக்குவதில்லை. நான்கு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தட்டுகிறது. புரொபெல்லர் கனமான பொருள், எளிதில் வேகம் மாறாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்டும் பற்களும் ஒவ்வொரு தட்டலுக்கும் கொஞ்சம் முறுகி, கொஞ்சம் விடுபடும். குறிப்பிட்ட ஒரு சுற்றில் இந்த முறுகலின் இயல்பான அலைவும் என்ஜினின் தட்டலும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் விசை பல மடங்காகிவிடும். சோதனை மேடையில் என்ஜினையும் அதன் விசையை அளக்கும் டைனமோமீட்டரையும் இணைக்கும் தண்டில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தண்டின் பல்வரி இணைப்பான ஸ்ப்லைனைக் கழற்றும்போது பள்ளங்களில் குங்குமத்தைவிடச் சற்றுக் கறுத்த செம்பொடி படிந்திருக்கும். துரு என்று துடைத்துவிடுவார்கள் பழக்கமில்லாதவர்கள். உலோகம் உலோகத்தோடு நுண்ணளவில் உரசி உரசி உதிர்ந்த பொடி அது. விரலில் தேய்த்தால் மாவாக இருக்கும். அதைப் பார்த்தால் அந்த இணைப்பை மறுபடியும் மாட்ட மாட்டோம், காரணத்தைத் தேடுவோம்.

ஆகவே சுற்றுக்குறைப்பானை நீங்களே வடிவமைத்துச் செலவை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதே என்ஜின், அதே குறைப்பான், அதே வகைப் புரொபெல்லர் மூன்றும் சேர்ந்து பல விமானங்களில் பல நூறு மணி நேரம் பறந்த தொகுப்பை மட்டும் விலை பேசுங்கள். மூன்றில் ஒன்றை மாற்றினாலும் அது புதிய சோதனை. விற்கிறவரிடம் முறுக்கு அதிர்வை அளந்த பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அந்த வரியில் பெரிய கேள்விக்குறி போடுங்கள். இன்னொன்று, குறைப்பானைக் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்கும் செலவையும் அந்த வரியிலேயே எழுதுங்கள்.

கார் என்ஜின் முழு விசையில் தாங்காது என்று சிலர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். கார் நிறுவனங்கள் புதிய என்ஜின்களை முழு விசையில் நூற்றுக்கணக்கான மணி நேரம் இடைவிடாமல் ஓட்டிப் பார்ப்பது என் அன்றாட வேலை. என்ஜின் தாங்கும். அதைச் சுற்றி நாம் கட்டுவதுதான் தாங்க வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், அவற்றின் விபத்துகளில் முன்னால் நின்றவை என்ஜின் தொகுதி கோளாறும், பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும்தான். புதிதாகக் கட்டிய விமானங்கள் முதல் சில பறப்புகளிலேயே விபத்துக்குள்ளாவது அதிகம் என்றும் அந்த ஆய்வு காட்டியது. எரிபொருள் குழாய்க்கும் மின்கம்பிக்கும் தாராளமாகச் செலவு செய்யுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

மறைந்திருக்கும் வரிகள்

குளிர்விப்பு: தண்ணீரால் குளிரும் என்ஜினுக்குக் கடினமான நேரம், தரையிலிருந்து ஏறும்போதுதான். முழு விசை, குறைந்த வேகம், குறைந்த காற்று. ரேடியேட்டரின் விலை சொற்பம். அதற்குக் காற்றைக் கொண்டுவரும் வாயும், விரிந்து செல்லும் பாதையும், வெளியேறும் வழியும் சரியாக அமையும்வரை மேல்மூடியை வெட்டி ஒட்டிக்கொண்டே இருக்க நேரும். இந்த வரியில் நீங்கள் முதலில் எழுதும் எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.

மின்சாரம்: பழைய விமான என்ஜினின் மேக்னெட்டோ தன் தீப்பொறிக்குத் தானே மின்சாரம் செய்துகொள்ளும். பேட்டரி செத்தாலும் என்ஜின் ஓடும். எலக்ட்ரானிக் எரிபொருள் செலுத்தி உள்ள கார் என்ஜினுக்கு மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று. எனவே இரண்டு பேட்டரி, இரண்டு பம்பு, ஒன்று நின்றாலும் மற்றது ஓடும்படி தனித்தனிக் கம்பி வழி. கனமும் கூடும், விலையும் கூடும்.

எரிபொருள்: தாழ்ந்த இறக்கை விமானத்தில் பம்பைச் சூடான என்ஜின் அறைக்குள் மேலே வைத்தால் உறிஞ்சும் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். டேங்குக்குப் பக்கத்தில், தாழ்வாக வையுங்கள். எலக்ட்ரானிக் செலுத்திக்குப் பெரும்பாலும் டேங்குக்குத் திரும்பும் குழாயும் வேண்டும். அதற்கான வால்வையும் டேங்கு வேலையையும் கணக்கில் சேருங்கள். கார் பெட்ரோல் ஊற்றி மிச்சம் பிடிக்க நினைத்தால் எத்தனால் கலக்காதது உங்கள் பகுதியில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். விமான நிலையங்களில் கிடைக்கும் 100 எல்.எல். பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. கார் என்ஜினின் ஆக்சிஜன் சென்சாரை அது சீக்கிரமே கெடுத்துவிடும்.

எடை: குறைப்பான், ரேடியேட்டர், தண்ணீர், இரண்டாவது பேட்டரி எல்லாம் ஏறினால் மூக்கு கனத்துவிடும். பேட்டரியைப் பின்னால் தள்ளி எடைமையத்தைச் சரிசெய்யலாம். ஆனால் மொத்த எடை கூடியது கூடியதுதான். நீங்கள் ஏற்றிச் செல்லக்கூடிய ஆளின் எடையிலும் பெட்ரோலிலும் அது கழியும்.

காலமும் பணம்தான்

"என் உழைப்புக்கு நான் விலை போடுவதில்லை" என்பார்கள். சரி, போட வேண்டாம். ஹாங்கர் வாடகைக்காரர் போடுவார். ஃபயர்வாலுக்கு முன்னால் எல்லாமே தயாராக வரும் தொகுப்பைவிட நீங்களே வடிவமைக்கும் பாதை ஓர் ஆண்டு கூடுதலாக இழுத்தது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 300 டாலர் வாடகையென்றால் 3,600 டாலர் போயிற்று. என் அனுபவத்தில் இந்த வரியை எழுதாதவர்களே அதிகம். நோட்டின் மற்ற வரிகளில் பிடித்த மிச்சத்தைப் பெரும்பாலும் சத்தமில்லாமல் தின்றுவிடுவதும் இதுதான்.

சோதனைப் பறப்புக்கு வழக்கமான கணக்கு இது: சான்றிதழ் பெற்ற என்ஜினும் அதற்கு ஒப்புதல் பெற்ற புரொபெல்லரும் என்றால் 25 மணி நேரம், மற்ற எதுவானாலும் 40 மணி நேரம். மணி நேரத்துக்குப் பதிலாகப் பணிப்பட்டியலை முடித்துக் காட்டும் வழியும் இப்போது உண்டு. 15 மணி நேரம் கூடுதலென்றால், மணிக்கு ஐந்தரை கேலன் குடிக்கும் என்ஜினுக்கு 80 கேலனுக்கு மேல். கேலன் 6 டாலர் என்று வைத்தால் ஏறக்குறைய 500 டாலர். இது பெரிய தொகையில்லை, அந்த மணி நேரங்களை வீணென்று நினைக்கவும் வேண்டாம். மாற்று என்ஜினோடு அவசரப்படாமல் பழகிக்கொள்ளக் கிடைக்கும் நேரம் அது.

காப்பீட்டுக்காரரை என்ஜின் வாங்குவதற்கு முன்பே கூப்பிடுங்கள். விமானத்தின் மாதிரி, என்ஜின், குறைப்பான், உங்கள் பறப்பு நேரம் நான்கையும் சொல்லி எழுத்தில் விலை கேளுங்கள். நான் விசாரித்தபோது மூன்றாம் தரப்புப் பொறுப்புக்குக் காப்பீடு எளிதாகக் கிடைத்தது. விமானத்துக்கே காப்பீடு தர ஒரு நிறுவனம் என்ஜின் பெயரைக் கேட்டதும் மறுத்துவிட்டது. இன்னொன்று சோதனைப் பறப்பு முடிந்த பிறகு வரச் சொன்னது. அப்படியானால் அந்த இடைப்பட்ட காலத்தில் முழு நட்டமும் உங்கள் தலையில். அதைத் தாங்கும் நிலையில் இல்லாதவர்கள் பாதையை மாற்றிக்கொள்வதே நல்லது.

விற்பனை விலையை எழுத மனம் வராது, இருந்தாலும் எழுதுங்கள். வாங்க வருகிறவர் அநேகமாக உங்கள் என்ஜினைக் கழற்றிவிட்டு லைக்கோமிங்கோ ரோடாக்ஸோ போட என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, அதைக் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார்.

வாங்கும் வரிசை

உடல்பகுதியை முதலில் முடியுங்கள். இயந்திரப் பாகங்களைப் பிறகு வாங்குங்கள். எலக்ட்ரானிக்ஸைக் கடைசியில். வாங்கிவைத்த மின்னணுப் பெட்டி அலமாரியிலேயே பழசாகிவிடும், உத்தரவாதமும் தீர்ந்துவிடும்.

முன்பணம் கொடுக்கும்போது கையைக் கட்டுப்படுத்துங்கள். வீட்டில் கட்டும் விமானங்களுக்கான பாகத் தொகுப்புகளை விற்பதில் மிகப் பெரிய பெயர் வான்ஸ் ஏர்கிராஃப்ட். அதுவே 2023 டிசம்பரில் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரி, 2024இல் சீரமைந்து மீண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், இரண்டு மூன்று பேர் நடத்தும் என்ஜின் மாற்றுக் கடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடை மூடினால் பெல்ட், கியர், மின்னணுப் பெட்டி எதுவும் கிடைக்காது. வேறெங்கும் வாங்க முடியாத பாகங்கள் எவையென்று பட்டியல் போட்டு, அவற்றில் ஒரு செட்டை என்ஜினோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அந்தப் பணமும் நோட்டில் ஏற வேண்டும்.

பறந்துகொண்டிருப்பவர்களோடு பேசாமல் காசோலை எழுதாதீர்கள். விற்கிறவர் தரும் பெயர்களோடு நிறுத்தாமல் நீங்களாகத் தேடிப் பிடியுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, முதல் 100 மணி நேரத்தில் எதையெல்லாம் மாற்றினீர்கள், கோடை மதியத்தில் ஏறும்போது எண்ணெய்ச் சூடு எவ்வளவு, எடைத்தாளைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். கொர்வேர்காரர்கள் என் கேள்விகளுக்கு மணிக்கணக்கில் பதில் சொன்னார்கள். விட்டுவிட்டவர்களையும் தேடிப் பேசுங்கள். மாற்று என்ஜினைக் கழற்றிவிட்டு விமான என்ஜினுக்கு மாறியவர்களின் நோட்டில் இரண்டு என்ஜின்களின் செலவும் இருக்கும்.

ரசீதுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள், புகைப்படங்களோடு. கட்டியவர் நீங்கள்தான் என்று காட்டிப் பழுதுபார்ப்பவர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது கட்டுமானக் குறிப்பேடு தேவைப்படும். அந்தச் சான்றிதழ் இருந்தால் ஆண்டுச் சோதனையை நீங்களே செய்து கையெழுத்திடலாம், ஒவ்வோர் ஆண்டும் மெக்கானிக் கூலி மிஞ்சும். விற்பனை வரி கட்டாமல் வெளிமாநிலத்தில் வாங்கிய பாகங்களுக்கு உங்கள் மாநில வரித்துறை பயன்பாட்டு வரி கேட்கலாம். மிச்சிகனில் அது 6 சதவீதம். நோட்டின் கடைசி வரியாக அதையும் எழுதிவிட்டுக் கூட்டுங்கள்.